பொய்க்கு ஒரு தேன் மிட்டாய்

அப்பாவைச் சாகடித்தால் எண்பத்தைந்து வரும். அம்மாவைச் சாகடித்தால் தொண்ணூறைத் தாண்டும். நாய்க்குட்டிக்கு ஐம்பது தேறினாலே பெரிய விஷயம். உயிர்த் தோழி வேறு ஊருக்குப் போகிறாள் என்றால் குழந்தையைப் பொறுத்து அறுபதும் வரலாம், ஆறும் வரலாம். ஒன்பான் சுவை சிறுவர் நடிப்பகத்தில் ஆறு வருஷமாக வேலை பார்க்கும் வினோதாவுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம்.

வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த கடிதத்தில் அவளுடைய பதவி 'உணர்வுப் பயிற்றுநர்' என்று அச்சாகியிருந்தது. நல்ல பெயர்தான். செய்கிற வேலை மட்டும் ஒன்றே ஒன்று. ஸீன் தொடங்கும் முன் குழந்தையைத் தனியாக அழைத்து அதன் காதில் ஒரு பொய்யைச் சொல்ல வேண்டும். ஸீன் முடிந்ததும், "பொய்டா கண்ணா, சும்மா" என்று சொல்லி, இடுப்பில் தொங்கும் டப்பாவிலிருந்து ஒரு தேன் மிட்டாயை எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும். பொய் முடிந்தது என்பதற்குக் குழந்தைக்குக் கண்ணால் பார்க்கும்படி ஓர் அடையாளம் வேண்டும் என்று யாரோ ஒரு மனநல ஆலோசகர் சொல்லி, அதை விதிப் புத்தகத்திலும் ஏற்றிவிட்டார்கள். சொல்லப்போனால் அந்த இடத்தில் குழந்தைகள் நம்பிய ஒரே பொருள் அந்தச் சிவப்பு மிட்டாய்தான். அது கைக்கு வந்துவிட்டால் செத்தவர்கள் எல்லோரும் பிழைத்துவிடுவார்கள்.

நடிப்பகம் வளசரவாக்கத்தில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடி. சனிக்கிழமை காலையில் அங்கே உள்ள காத்திருப்புக் கூடத்தைப் பார்க்க வேண்டும். நாற்பது பெற்றோர், நாற்பது தண்ணீர் பாட்டில், நாற்பது நம்பிக்கை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இந்தக் காக்கைகள் தங்கள் குஞ்சைப் பொன் விலைக்கு எடைபோட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எதிரே சுவரளவு திரையில், உள்ளே பயிற்சியில் இருக்கும் குழந்தைகளின் பெயர்களும் பெயருக்கு நேரே எண்களும் ஓடிக்கொண்டிருக்கும்.

அன்றைக்குப் புதிதாக ஒரு தாய் வந்திருந்தாள். நீலவேணி என்று பெயர். ஒன்பது வயது மகனை முன்னே தள்ளி நிறுத்தி, நடிப்பகத்தின் முதலாளி பிரகலாதனிடம் விவரம் கேட்டுக்கொண்டிருந்தாள். வினோதா ஓரமாக நின்று டப்பாவில் மிட்டாய் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"பையன் சூப்பரா நடிப்பான் சார். அவங்க அப்பா போன் பேசுற மாதிரி பேசிக் காட்டினா வீடே சிரிக்கும்."

"நடிப்பு யாருக்கும்மா வேணும் இப்போ?" என்றார் பிரகலாதன். இதை அவர் வாரத்துக்குப் பத்து முறை சொல்வார். "நடிப்பைத்தான் மெஷின் நடிச்சுக் குடுக்குதே. எந்த மூஞ்சி வேணும், எந்த வயசு வேணும், கேட்ட அளவு அழுதுட்டுப் போகும். அதைப் பாத்துப் பாத்து ஜனங்களுக்குச் சலிச்சுப் போச்சு. நெசமான ஒரு புள்ள நெசமா அழுதா மட்டும்தான் இப்போ உக்காந்து பாக்கறாங்க."

"நெசமான்னு எப்படி சார் தெரியும்?"

அவர் பக்கத்திலிருந்த ஒரு சிறுமியின் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். கறுப்பாக, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பொட்டு. "மெய்ப்பொட்டு. ரத்த ஓட்டம், வேர்வை, நரம்பு, எல்லாத்தையும் நெத்தியில உக்காந்து படிச்சிரும். துக்கம் எவ்வளவு, சந்தோஷம் எவ்வளவு, பயம் எவ்வளவு, ஒவ்வொண்ணுக்கும் நூத்துக்கு மார்க் போட்டுரும். சீரியல்ல அந்த நம்பர் திரை ஓரத்துல ஓடுதே, பாத்திருப்பீங்க. எண்பதுக்குக் கீழ போனா ஜனங்க தள்ளிவிட்டுட்டு அடுத்ததுக்குப் போயிருவாங்க."

நீலவேணி குரலைத் தாழ்த்தினாள். "லேசா கிள்ளிவிட்டா வராதா சார்?"

"வலி வேற, துக்கம் வேற. பொட்டுக்குத் தெரியும்மா. அதுக்குத்தான் நம்ம மேடம் இருக்காங்க."

வினோதாவின் வலது கை தன்னையறியாமல் இடது கையின் உட்பக்கத்தைத் தடவிக்கொண்டது. ஐம்பது வருஷத்துக்கு முன் அவள் 'பேபி வினோதா'. முப்பத்தொரு படம். அழுகைக் காட்சி என்றால் உதவி இயக்குநர் வந்து கையின் உட்பக்கத்தில் கிள்ளுவார். அவர் கைக்கு அலுத்துவிட்டால் பெற்ற தாயே வந்து கிள்ளுவாள். கன்றிப்போன அந்த இடம் இன்றும் கறுப்பாகத்தான் இருக்கிறது. ஆறு வருஷத்தில் ஒரு குழந்தையின் மேல்கூடத் தன் நகம் பட்டதில்லை என்பது வினோதாவின் பெருமை. தன் முதுகு தனக்குத் தெரியாது.

"நான் செத்துட்டேன்னு சொன்னா எவ்வளவு மிஸ் வரும்?" நீலவேணி அவளிடமே வந்து கேட்டாள். கண்ணில் அப்படியொரு ஆவல்.

"மொத தடவன்னா தொண்ணூறு வரும்."

"பாத்தியாடா, அம்மா மேல எவ்வளவு பாசம் உனக்கு" என்று மகனின் தலையைக் கோதினாள் அந்த மகராசி. பையன் தரையைப் பார்த்தான்.

இப்படிப்பட்டவர்களைப் பார்த்துப் பார்த்து வினோதாவுக்கு மனிதர்கள் மேல் இருந்த மரியாதை அடியோடு வற்றிப்போயிருந்தது. தன் சாவுக்கு மகன் தொண்ணூற்றுமூன்று அழுதான் என்று கூடத்தில் பெருமையடிப்பவர்களைப் பார்த்திருக்கிறாள். தன் சாவுக்கு மகள் எழுபதுதான் அழுதாள் என்று ஒரு வாரம் அந்தக் குழந்தையோடு பேசாமல் இருந்த அப்பனையும் பார்த்திருக்கிறாள். எல்லோர் மீதும் அவளுக்கு இளக்காரம். பிரகலாதன் மீது இளக்காரம், பொட்டைக் கண்டுபிடித்தவன் மீது இளக்காரம், எண்ணைப் பார்த்து அழும் ஊர் ஜனங்கள் மீதும் இளக்காரம். அந்த இளக்காரம் இருப்பதால்தான் தான் அவர்களில் ஒருத்தி இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

பொய்யில் ஒரு சிக்கல் உண்டு. குழந்தைகள் முட்டாள்கள் இல்லை. முதல் பொய்க்குத் தொண்ணூறு அழுத பிள்ளை இரண்டாவதுக்கு அறுபதுதான் அழும். மூன்றாவது முறை, "மிஸ், யாரு இன்னிக்கு?" என்று அதுவே கேட்கும். அதனால் பொய்யைப் பலப்படுத்த வேண்டியிருந்தது. அப்பாக்காரன் போனை அணைத்துவிட்டு இரண்டு நாள் நண்பன் வீட்டில் போய் ஒளிந்துகொள்வான். அம்மா மாடிப்படியில் சரிந்து விழுவாள். மாமனோ சித்தப்பனோ வெள்ளைச் சட்டையில் வந்து கண்ணைத் துடைப்பான். வினோதா தலையில் அடித்துச் சத்தியம் செய்வாள், சாமி படத்தைத் தொடுவாள், தன் சொந்தத் தாயின் பெயரை இழுப்பாள். குடும்பமே கூடி நடிக்கும். பொட்டு வைத்த பிள்ளை ஒன்றுதான் நடிக்காது.

இத்தனை பேருக்கு நடுவே வினோதா இளக்காரமாகப் பார்க்காத ஒரே ஜீவன் இயலினி. பதினோரு வயது. முன் பற்களுக்கு நடுவே ஒரு சந்து. சேர்ந்த முதல் வாரத்தில், பேரம் பேசும் மீன்காரியாக நடித்துக் காட்டச் சொன்னார்கள். அந்தப் பெண் இடுப்பில் கை வைத்து, இல்லாத மீனைத் தூக்கிக் காட்டி, இல்லாத வாடிக்கையாளரை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், வினோதாவுக்கு மீன் வாடையே வந்துவிட்டது. பொட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆறு மார்க் போட்டது. பிரகலாதன் உதட்டைப் பிதுக்கினார். கைதட்டிவிடாமல் இருக்க வினோதா டப்பாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அந்த இயலினிக்கும் அவள் பொய் சொன்னாள். ஆடியில் ஒரு தடவை அப்பாவைச் சாகடித்தாள், தொண்ணூற்றொன்று. ஐப்பசியில் குடும்பத்தோடு சேர்ந்து இன்னொரு தடவை சாகடித்தாள், எண்பத்துநான்கு. அப்பா லோகேஷ் மெட்ரோவில் சிக்னல் வேலை பார்ப்பவன். தாம்பரத்தில் ஒரு நண்பன் வீட்டில் இரண்டு நாள் பிரியாணி சாப்பிட்டு ஒளிந்திருந்துவிட்டு, கையில் பலூனோடு வந்து, "நான் செத்தது எப்படிடா இருந்துச்சு?" என்று மகளிடம் கேட்டான். மகள் அவன் காலைக் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் விடவில்லை. அவன், "எனக்கு மிட்டாய் இல்லையா மேடம்?" என்று பல்லைக் காட்டினான். வினோதா கொடுக்கவில்லை. இந்த மாதிரி ஆளுக்கெல்லாம் ஒரு குழந்தை என்று மனதுக்குள் துப்பினாள்.

நீலவேணி வந்த அன்றைக்குப் பதினோரு மணிக்கு ஒரு பெரிய தொடருக்குத் தேர்வு. நிறுவனத்திலிருந்து மூன்று பேர் வந்து ஏசி அறையில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பெயர் இயலினி. அப்பா இரண்டு தடவை செலவாகிவிட்டதால், வினோதா இந்தத் தடவை தோழி ப்ரணிகாவைத் திட்டத்தாளில் எழுதி வைத்திருந்தாள்.

மணி பத்தேகாலுக்கு இயலினியின் அம்மா ஹேமாவிடமிருந்து போன் வந்தது.

"மிஸ்... அவரு போயிட்டாரு மிஸ்."

வினோதாவுக்கு எரிச்சல்தான் வந்தது. "ஹேமா, இன்னிக்கு அப்பா கிடையாது. தோழியத்தான் போட்டிருக்கேன், நேத்தே சொன்னேன் இல்ல? கடைசி நேரத்துல நீங்களா எதையும் மாத்தாதீங்க."

"இல்ல மிஸ். அது இல்ல. நெசமாவே..."

அதற்கு மேல் அழுகைதான் கேட்டது. ஐப்பசியில் அழுததைவிட நன்றாக வந்திருக்கிறது, பரவாயில்லை, பயிற்சி எடுத்திருக்கிறாள் போல என்று வினோதா நினைத்தாள். பின்னால் ஏதோ அறிவிப்பு ஒலித்தது, யாரோ ஸ்ட்ரெச்சரை நகர்த்தச் சொன்னார்கள். போன் கைமாறியது.

"மேடம், நான் சதீஷ், இயலோட மாமா. மச்சான் காலைல பாத்ரூம்ல விழுந்துட்டாரு. பாப்பா கிளாசுக்குக் கிளம்பினதுக்கு அப்புறம்தான். ஆஸ்பத்திரில முடிஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாங்க. நான் பாப்பாவக் கூட்டிட்டுப் போக வந்துட்டிருக்கேன். கொஞ்சம் நீங்க சொல்லி வெச்சிருங்க. அக்காவால முடியாது, எனக்கும் தைரியம் இல்ல. உங்களுக்குன்னா சொல்லிப் பழக்கம் இருக்கு."

அவன் குத்திக் காட்டவில்லை. மனமாரத்தான் கேட்டான். வினோதா சரி என்றாள்.

பிரகலாதனிடம் சொன்னபோது அவர் முகம் உண்மையாகவே வாடியது. "அடப்பாவமே. நல்ல மனுஷன்" என்றார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது மேடம். எப்படியும் அந்தப் புள்ளகிட்ட சொல்லித்தானே ஆகணும்?"

"ஆமா."

"அதைப் பதினோரு மணிக்குச் சொல்லுங்களேன். பொட்டோட. உள்ள அனுப்புறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி."

வினோதா அவரையே பார்த்தாள்.

"அப்படிப் பாக்காதீங்க. நாமளா கொன்னோம்? அந்த மனுஷன் தன் மகளுக்குக் கடைசியா ஒரு உதவி செஞ்சுட்டுப் போறாருன்னு நெனச்சுக்கங்க."

வாயில் ஊறிய எச்சிலை அவர் மேஜை மீது துப்பியிருக்கலாம். துப்பவில்லை. "இது அவ அப்பா சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். ஆனால் வாசற்படியைத் தாண்டும்போது, ஒரே ஒரு நொடி, தொண்ணூற்றெட்டு நிச்சயம் வரும் என்று அவள் மனம் தானாகக் கணக்குப் போட்டது. அதை அவள் கவனித்தாள். கவனித்ததும் நடையை வேகமாக்கினாள்.

இயலினியை உடை மாற்றும் அறைக்கு அழைத்துப்போய்க் கதவைத் தாழ்போட்டாள். முதல் வேலையாக அவள் நெற்றியிலிருந்த மெய்ப்பொட்டைப் பிய்த்துக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டினாள். பிறகு, காதருகே குனியும் பழக்கத்தை விட்டு, எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு நேருக்கு நேர் உட்கார்ந்தாள்.

"இயல், மிஸ் சொல்றதக் கேளு. அப்பா காலைல பாத்ரூம்ல விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. காப்பாத்த முடியல. அப்பா எறந்துட்டாரும்மா."

இயலினி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "மிஸ், அப்பா ஏற்கெனவே ரெண்டு தடவ செத்துட்டாரு."

"இது அப்படி இல்லம்மா."

"இன்னிக்கு ப்ரணிகா தானே? நான் வேணும்னு பாக்கல மிஸ், பேப்பர் டேபிள் மேலயே இருந்துச்சு."

"இயல், சத்தியமா சொல்றேன்."

"சத்தியம் போன தடவயே பண்ணிட்டீங்க. உங்க அம்மா மேல."

வேறு என்ன இருக்கிறது? சாமி படம் தீர்ந்துவிட்டது. தலையில் அடித்துக்கொள்வது தீர்ந்துவிட்டது. கண்ணைப் பார்த்துச் சொல்வது, கையைப் பிடித்துச் சொல்வது, அமைதியாகச் சொல்வது, உடைந்து சொல்வது எல்லாவற்றையும் நல்ல பலன் தருகிற முறைகள் என்று அவளே குறிப்பெழுதி வைத்திருக்கிறாள். உலகத்தில் ஒருவர் இன்னொருவரிடம் உண்மையைச் சொல்ல என்னென்ன வழி உண்டோ அத்தனையையும் இந்தக் குழந்தையிடம் பொய்க்குச் செலவழித்தாகிவிட்டது.

இயலினி சும்மா இருக்கவில்லை. கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருந்த பொட்டைப் பார்த்தாள். தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"பொட்ட ஏன் மிஸ் எடுத்தீங்க?"

வினோதா ஸ்டூலை இன்னும் நெருக்கமாக இழுத்துக்கொண்டாள்.

"பொட்டு இல்லன்னா மார்க் வராதே." அவள் மெதுவாக யோசித்தாள். யோசிக்கும்போது அந்தப் பற்சந்தில் நாக்கு நுனி வந்து நின்றது. "மார்க் வராதுன்னா எதுக்குப் பொய் சொல்லணும்? பொட்டு இல்லாம யாரும் பொய் சொல்ல மாட்டாங்களே மிஸ்."

அப்போதுதான் அந்த முகம் மாறத் தொடங்கியது. ஆடியிலும் ஐப்பசியிலும் பார்த்த மாற்றம் இல்லை இது. அப்போது அழுகை உடனே வந்தது. இப்போது எதுவும் வரவில்லை. நிறம்தான் போனது. "காலைல தோசைய அவருதான் பிச்சுப் பிச்சு ஊட்டிவிட்டாரு" என்றாள், வினோதாவிடம் இல்லை, பொதுவாக. "லேட்டாச்சுன்னு நான் பாதிய வெச்சுட்டு வந்துட்டேன்." மூச்சு ஒருமுறை உள்ளே போனது. திரும்பி வெளியே வரவில்லை.

நாற்பது பேரை ஏளனமாகப் பார்த்துப் பழகிய வினோதாவால் இதைப் பார்க்க முடியவில்லை. ஏதாவது செய்ய வேண்டும், இந்தக் குழந்தையை எப்படியாவது தேற்ற வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. ஆறு வருஷமாக அழும் குழந்தை எதிரே நின்றால் அவள் கை எங்கே போகுமோ அங்கே போனது. "அழாத கண்ணா, மிஸ் இருக்கேன்ல" என்று டப்பாவைத் திறந்து ஒரு தேன் மிட்டாயை எடுத்து இயலினியின் உள்ளங்கையில் வைத்தாள்.

இயலினி மிட்டாயைப் பார்த்தாள்.

அடங்கியிருந்த மூச்சு பெரிதாக வெளியே வந்தது. முகத்துக்கு ரத்தம் திரும்பியது. "அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்து, மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள். "பயந்தே போயிட்டேன் மிஸ். பொட்ட எடுத்துட்டுச் சொல்றது புதுசா? செம ஐடியா. நான் நம்பிட்டேன் தெரியுமா?"

என்ன செய்தோம் என்று வினோதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "இல்ல இயல், அது... அதுக்காகக் குடுக்கல. நீ அழறியேன்னு..." டப்பாவை அவசரமாக மூடினாள். "இது பொய் இல்ல. மிட்டாய் தப்பா வந்துடுச்சு. அப்பா நெசமாவே..."

"மிட்டாய் குடுத்ததுக்கு அப்புறம் சொல்லக் கூடாது மிஸ். அது ரூல்."

வினோதா ஹேமாவுக்குப் போன் போட்டாள். ஹேமா எடுக்கவில்லை. லோகேஷின் எண்ணுக்குப் போட்டாள், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. "போன தடவயும் ஆஃப்தான்" என்றாள் இயலினி, மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளியபடி. பிறகு, மிஸ் இன்னும் விடாமல் கெஞ்சுவதைப் பார்த்து அவளுக்கே பாவமாகப் போயிருக்க வேண்டும். எழுந்து போய்க் கண்ணாடியிலிருந்து மெய்ப்பொட்டை எடுத்து வந்தாள்.

"ஒண்ணு பண்ணலாம். நீங்க வெச்சுக்கங்க. துக்கம் எண்பது வந்தா நான் நம்புறேன். சரியா?"

இப்படி ஒரு வழி இருக்கிறதே என்று வினோதா அவசரமாக நெற்றியை நீட்டினாள். சின்ன விரல் அழுத்தி ஒட்டியது. மேஜை மேலிருந்த டேப்லட்டில் இருவரும் குனிந்து பார்த்தார்கள்.

பயம் எழுபத்தொன்று. துக்கம் பன்னிரண்டு.

"பாத்தீங்களா" என்றாள் இயலினி. வெற்றி பெற்ற குரல் இல்லை. ஆசிரியைக்காக வருத்தப்படுகிற குரல்.

பொட்டில் ஒரு குறையும் இல்லை. வினோதாவின் பயமெல்லாம், இந்தக் குழந்தை தன்னை நம்பவில்லையே, சதீஷ் வந்து கேட்டால் என்ன சொல்வது, மிட்டாய் கொடுத்தது தெரிந்தால் என்ன ஆகும் என்பதுதான். துக்கத்தை எங்கே போய்த் தேடுவது? செத்தவன் அவள் மனதுக்குள் துப்பிவிட்ட ஆள். பெற்றவர்களைத் துப்பி, ஊரைத் துப்பி, எவர் மீதும் எதுவும் ஒட்டாமல் பார்த்துக்கொண்டவளிடம் பொட்டு மட்டும் என்னத்தைக் கண்டுபிடிக்கும்? பன்னிரண்டு கிடைத்ததே அதிகம் என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு லோகேஷின் முகத்தை வரவழைக்கப் பார்த்தாள். பலூன்தான் வந்தது. எண் பதினொன்றாகக் குறைந்தது.

இயலினி அவள் தோளைத் தட்டினாள். "கவலப்படாதீங்க மிஸ். வரும். மொத தடவ யாருக்கும் வராது." அது வினோதாவின் வாக்கியம். குறைவாக மார்க் வாங்கி அழும் பிள்ளைகளிடம் அவள் சொல்வது. தோளைத் தட்டும் விதம்கூட அவளுடையதுதான்.

கதவு தட்டப்பட்டது. சதீஷ் நின்றுகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, சிவந்த கண், கலைந்த தலை. இயலினியைப் பார்த்ததும் அவன் மண்டியிட்டு அவளை இழுத்து அணைத்துக்கொண்டு குலுங்கினான். அவள் அவன் தோளுக்கு மேலாக வினோதாவைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

"மாமா, போன தடவயும் இதே சட்டதான்" என்றாள்.

சதீஷ் நிமிர்ந்து வினோதாவைப் பார்த்தான். "சொல்லலியா மேடம்?"

"சொன்னேன்" என்றாள் வினோதா.

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்கிற நிலையிலும் இல்லை. "வா செல்லம், வீட்டுக்குப் போலாம்" என்று கையைப் பிடித்தான். இயலினி உற்சாகமாகச் செருப்பை மாட்டிக்கொண்டாள். தேர்வு இங்கே இல்லை, வீட்டில் என்று அவளாகவே முடிவுகட்டிவிட்டாள் என்பது அவள் கேட்ட கேள்விகளிலிருந்து தெரிந்தது. கேமரா எங்கே வைத்திருக்கிறார்கள், அக்கம்பக்கத்து ஆட்களெல்லாம் நடிக்கிறார்களா, அம்மாவுக்கு வசனம் உண்டா. சதீஷ் அவள் கையை விடாமல் நடந்தான்.

கூடத்தைத் தாண்டி லிஃப்ட் வரை வினோதாவும் பின்னாலேயே போனாள். லிஃப்ட் கதவு திறந்தது. இயலினி உள்ளே ஒரு காலை வைத்தவள், ஏதோ நினைவு வந்து திரும்பி ஓடி வந்தாள். கையை நீட்டினாள்.

"மிஸ், இன்னொரு மிட்டாய் குடுங்களேன்."

"எதுக்கும்மா?"

"அப்பாவுக்கு. போன தடவ கேட்டாரு, நீங்க குடுக்கல. இன்னிக்கு ரொம்ப நேரம் அசையாம படுத்திருக்கணும்ல? எந்திரிச்ச உடனே குடுக்கறேன்."

வினோதா டப்பாவைத் திறந்தாள். ஒன்றை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். விரல்கள் மூடிக்கொண்டன. சிரித்த பல்லுக்கு நடுவே அந்தச் சந்து தெரிந்தது. லிஃப்ட் கதவு மூடியது, மேலே இருந்த எண் மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கியது.

வினோதா அங்கேயே நின்றாள். அந்த வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்திருக்கும். நடுக்கூடத்தில் ஒருவன் படுத்திருப்பான். அவன் நன்றாக நடிக்கிறான் என்று ஒரு குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து, மிட்டாய் உருகிவிடுமே என்று அடிக்கடி உள்ளங்கையைத் திறந்து பார்த்துக்கொண்டு, அவன் எழுந்திருப்பதற்காகக் காத்திருக்கும். எத்தனை நேரம் காத்திருக்கும்? தூக்கும்வரை காத்திருக்குமா? அதற்கு அப்புறமும் காத்திருக்குமா?

பின்னால் கூடத்தில் பேச்சுச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. ஒரு நாற்காலி நகர்ந்தது. பிறகு மொத்தக் கூடமும் அமைதியானது. வினோதா திரும்பிப் பார்த்தாள். நாற்பது பேரும் சுவர்த் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இயலினி என்ற பெயருக்கு நேரே துக்கம் ஐம்பத்தெட்டு என்றிருந்தது. அறுபத்தேழு ஆனது. எண்பத்திரண்டு ஆனது. பொட்டு யார் நெற்றியில் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் பிரகலாதன்தான். ஏசி அறைக் கதவைத் திறந்து, உள்ளே இருந்த மூன்று பேரையும் அவசரமாகக் கைகாட்டி அழைத்தார்.

தொண்ணூற்றாறு. அதற்கு மேல் ஏறவில்லை, அங்கேயே நின்றது. நடிப்பகம் தொடங்கிய நாளிலிருந்து அந்தத் திரையில் அப்படி ஓர் எண் நின்றதில்லை.

நீலவேணி மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முதல் ஆளாக ஓடி வந்தாள். "மிஸ், தொண்ணூத்தாறு மிஸ்" என்றாள். கண் பளபளத்தது. "என்ன சொல்லிக்கிட்டீங்க உங்களுக்கு நீங்களே? ப்ளீஸ் மிஸ், அத இவன் காதுலயும் ஒரு தடவ சொல்லிருங்க."

வினோதா டப்பாவைத் திறந்தாள். ஒரு தேன் மிட்டாயை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, கரையும்வரை அங்கேயே நின்றாள்.

எண் இறங்கவில்லை.